பூனைக்கு அடிக்காத போத்தல்

உந்தப் போத்தலை ஒருத்தரும் தொடாதேங்கோ. மேசையிலை அப்பிடியே இருக்கட்டும். இருந்த இடத்திலையிருந்து பாருங்கோ, போதும். உள்ளுக்கை இருக்கிற தண்ணி தெளிவாத்தானே இருக்கு? ஓம், தெளிவுதான். அதை மனசிலை வைச்சுக்கொண்டு நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

என்னை இஞ்சை எல்லாரும் சோதி அக்கா எண்டுதான் கூப்பிடுறவை. போன வருசம் வரைக்கும் உந்தக் கதிரையிலை இருந்து, இந்தக் கட்டடத்தை விட்டு வெளிக்கிடுற ஒவ்வொரு பெட்டிக்கும் கையெழுத்து வைச்சவள் நான். இப்ப வீட்டிலை இருக்கிறன். உங்கடை முதலாளி ரமணன் தம்பிதான், "அக்கா, புதுசா வந்த பிள்ளையளோடை ஒருக்கா வந்து கதையுங்கோ" எண்டு கேட்டவர். கலக்கிறது, நிரப்பிறது, மூடி இறுக்கிறது எல்லாம் சுகந்தி காட்டித் தருவா. அதெல்லாம் கெதியாப் பழகிப்போடுவியள். நான் கதைக்க வந்தது பயத்தைப் பற்றி.

முதலே சொல்லிப்போடுறன், நான் சரியான பயந்தாங்கொள்ளி. பஸ் ஏறினால் வீட்டுக் கதவைப் பூட்டினனானோ எண்டு யோசிப்பன், இறங்கிறமட்டும் அந்தரம்தான். பாதி வழியிலை இறங்கித் திரும்பிப் போய் அடுப்பு அணைஞ்சு நூந்திருக்கோ எண்டு பாத்த நாளும் இருக்கு. வேறை எங்கையும் எண்டால் என்னை விசரி எண்டிருப்பினம். இந்த வேலைக்கு மட்டும் அந்தக் குணம் பொருந்திப் போச்சுது.

எங்கடை வேலை என்னெண்டு முதல் விளங்கிக்கொள்ளுங்கோ. நாய் பூனைக்கு அடிக்கிற ஸ்பிறேயை நாங்கள் செய்யிறம். தோல் கடி, சொறிக்கு ஒண்டு, மயிர் மினுங்க ஒண்டு, வெடிச் சத்தத்துக்குப் பயந்து நடுங்கிற நாயை அமத்த ஒண்டு. கொழும்பிலை ஆரோ ஒரு ஆள் அதை வாங்கித் தன்ரை பேரிலை லேபல் ஒட்டி விப்பார். எங்கடை பேர் ஒரு போத்தலிலையும் இல்லை. வாங்கிற சனத்துக்குச் சுன்னாகத்திலை, சந்தைக்குப் பின்னாலை இப்பிடி ஒரு கட்டடம் இருக்கெண்டே தெரியாது. பேர் இல்லாத வேலைதானே, பிழைச்சால் ஏச்சு வாங்கிறது வேறை ஆள்தானே எண்டு ஒரு எண்ணம் உங்களுக்கும் ஒருநாள் வரும். எல்லாருக்கும் வாறதுதான். வந்தவுடனை எழும்பிப் போய் முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ.

இஞ்சை வரமுதல் நான் நெல்லிரசம் செய்யிற இடமொண்டிலை நிண்டனான். அங்கை எங்களுக்கு மேலை இருந்த ஐயாவின்ரை பேரைச் சொல்லமாட்டன், அவருக்கு அது பிடிக்காது. அவரிட்டை ஒரு சட்டம் இருந்தது. ஆர் கையெழுத்து வைக்கிறாரோ அவர் முதல் கிளாசைக் குடிக்கவேணும். ஒருநாள் கிளாசைக் கையிலை பிடிச்சுக்கொண்டு கன நேரம் நிண்டார். நிறமும் சரி, மணமும் சரி. "என்ன ஐயா?" எண்டு கேட்டன். "தெரியேல்லை பிள்ளை, குடிக்க மனம் வருகுதில்லை" எண்டார். அவ்வளவுதான். அண்டைக்குச் செய்தது முழுக்க வெளியிலை போகேல்லை. எனக்கு அப்ப அது பெரிய விசர்க்கூத்தாத்தான் தெரிஞ்சுது.

இஞ்சை வந்தாப்பிறகுதான் அந்தக் கிளாஸ் எனக்கு விளங்கினது. நாங்கள் குடிக்கிற சாமானில்லையே இது எண்டு நீங்கள் நினைப்பியள். நாய்க்கு அடிச்சால் பெரும்பாலும் அது மேலிலை கிடக்கும். பூனைக்கு அடிச்சால் அது வயித்துக்கை போகும். பூனை விடிஞ்சால் பொழுதுபட்டால் தன்னை நக்கிக் கழுவுற சாதி. அடிச்ச கையோடை முதுகை வளைச்சு நக்கத் துடங்கிவிடும். அதுக்கு வாயும் இல்லை, இது என்ன சாமான், ஆர் செய்தது எண்டு கேக்க. நாங்கள் போத்தலிலை அடைக்கிறதை அது குடிக்குது. இதுதான் இஞ்சை நான் படிச்ச படிப்பு, மிச்சமெல்லாம் சில்லறை.

அதாலை பூனைச் சாமான் செய்யிற நாளிலை நான் ஆக்களைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. வெங்காயக் காலத்திலை வேலைக்கு வாற பிள்ளையளின்ரை கையெல்லாம் வெங்காய மணம். பூனைக்கு வெங்காயம் ஆகாது. கையுறை போடுறதுதான், எண்டாலும் கையை மணந்து பாத்துத்தான் உள்ளுக்கை விடுவன். ஒருநாள் சுகந்தி பிழிஞ்ச தேசிக்காய்த் தோலாலை உரஞ்சிக் கழுவிப்போட்டுப் பெருமையாக் கையை நீட்டினா. பூனைக்குத் தேசிக்காயும் ஆகாது எண்டு திருப்பி அனுப்பினன். "அப்ப நாளைக்கு நான் கையைக் கழட்டி வீட்டிலை வைச்சிட்டு வாறன் அக்கா" எண்டு சொல்லிக்கொண்டு போனா. சிரிக்கிறியள், சிரியுங்கோ.

இப்ப உந்தப் போத்தலின்ரை கதைக்கு வாறன்.

தாரணி எண்டு ஒரு பிள்ளை. தாய் தேப்பன் இந்தப் பக்கத்து ஆக்கள், அவ பிறந்து வளந்தது கொழும்பிலை. வங்கி வேலையை விட்டுப்போட்டு, பூனையளுக்கெண்டு தன்ரை பேரிலை சாமான் விக்க வெளிக்கிட்டவ. துணிஞ்ச பிள்ளை. அவவின்ரை வீட்டிலை மணி எண்டு ஒரு கிழட்டுப் பூனை, றோட்டிலை கிடந்து எடுத்தது, ஒரு கண் இல்லை. வயித்தை நக்கி நக்கி மயிரெல்லாம் போய், தோல் சிவந்து, அங்கங்கை புண்ணாயும் போச்சுது. கடையிலை விக்கிறது எது அடிச்சாலும் இன்னும் நக்குது. "அன்ரி, என்ரை மணிக்கு அடிக்கக்கூடின மாதிரி ஒண்டு செய்து தாங்கோ. அதைத்தான் நான் விக்கப்போறன்" எண்டு கேட்டவ.

அதைச் செய்து எடுக்க நாங்கள் பட்ட பாடு பெரிய கதை. முதல் செய்ததை அடிச்சவுடனை பூனையெல்லாம் அலுமாரிக்குக் கீழை. பிறகுதான் பிடிபட்டது, போத்தல் வாயிலை வாற சத்தம் வேறை ஒரு பூனை சீறுற மாதிரி இருக்கெண்டு. வாயை மாத்தினம். மணம் ஒண்டும் போடேல்லை. ஓட்ஸ் சாறு, கிளிசரின், காய்ச்சி வடிச்ச தண்ணி. கெடாமல் இருக்கப் போடுற மருந்தை மட்டும், பூனை நக்கினாலும் தாங்கும் எண்டு மிருக வைத்தியர் சொன்ன அளவுக்கு மேலை போடேல்லை. இதை வடிவாக் கேளுங்கோ. அந்த மருந்து குறைவு எண்டபடியாலை, வெளியிலையிருந்து ஒண்டும் உள்ளுக்கை போகாமல் இருந்தால்தான் அந்தச் சாமான் நிண்டு பிடிக்கும். போனால் என்ன நடக்கும் எண்டு எங்களிலை ஒருத்தருக்கும் தெரியாது.

முதல் தரம் பெரிய தாங்கியிலை கலக்கி, நிரப்பிற நாள் வந்தது. பின்னேரம் லொறி கொழும்புக்கு வெளிக்கிடவேணும். சனிக்கிழமை தாரணி தன்ரை சாமானைக் கடைக்காரருக்கும் பூனை வளக்கிற ஆக்களுக்கும் முதன்முதலாக் காட்டப்போறா, எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. ஓட்ஸ் சாறு அந்த ஒரு தாங்கிக்கு மட்டும்தான் எங்களிட்டை இருந்தது. அடுத்தது வர நாள் எடுக்கும். அந்த மாதம் எங்களுக்கு வேறை பெரிய ஓடரும் இல்லை. இது பிழைச்சால் பிள்ளையளைக் கொஞ்ச நாளைக்கு வீட்டை நிப்பாட்டவேண்டி வரும் எண்டு ரமணன் தம்பி எனக்குத் தனியச் சொல்லியிருந்தார்.

காலமை தாரணி வந்து இறங்கினா. முதல்நாள் றெயினிலை மணியையும் கூடையிலை வைச்சுக் கொண்டுவந்திட்டா, முதல் போத்தலை அதுக்குத்தான் அடிக்கிறதெண்டு. பூனையை முன்னறையிலை விட்டுப்போட்டு நிரப்பிற அறைக்கு வந்தா. நல்ல சீலை, நெத்தியிலை விபூதி. விடிய எழும்பித் தேப்பன்ரை ஊர்க் கோயிலுக்குப் போய், பாலபிசேகம் செய்விச்சு, தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறா. தீர்த்தம், துளசி இலை மிதக்க, சோடாப் போத்தல் ஒண்டுக்கை இருந்தது. கையிலை ஒரு கொத்து மாவிலை.

ஒரு தொழில் துடங்கிற நாளிலை இது நடக்கிறதுதானே. நானும் சைவக்காரி. சுவரிலை இருக்கிற பிள்ளையார் படத்துக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்தாமல் இந்தக் கட்டடத்திலை ஒரு மெசின் ஓடினதில்லை. எல்லாரும் வேலையை விட்டுப்போட்டு வந்து கையைக் கூப்பிக்கொண்டு நிண்டினம். தாரணி படத்துக்குத் தீர்த்தம் தெளிச்சா. மெசினுக்குத் தெளிச்சா. பிறகு தாங்கிப் பக்கம் திரும்பினா.

தாங்கியின்ரை மூடி பாதி திறந்து கிடந்தது. எவ்வளவு இருக்கெண்டு பாக்கச் சுகந்தி கொஞ்சம் முந்தித்தான் திறந்தவ, ஆக்கள் கூப்பிட அப்பிடியே விட்டுப்போட்டு வந்திட்டா. எனக்கு முன்னாலை ரமணன் தம்பி நிண்டார், அவரின்ரை முதுகுதான் எனக்குத் தெரியுது. அந்த முதுகுக்கு அங்காலை தாரணியின்ரை கை ஒருக்கா உயந்து இறங்கினதைக் கண்டன். நான் அவரை விலத்திக்கொண்டு முன்னுக்குப் போகமுதல் எல்லாம் முடிஞ்சு, அவ விபூதியை எல்லாருக்கும் நீட்டுறா.

மெல்லப் போய்த் தாங்கியைப் பாத்தன். வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தது. விளிம்பிலையும் ஒண்டு ரெண்டு துளி. உள்ளுக்கை பாத்தால் தண்ணி தண்ணியாத்தான் இருக்கு, துளசி இலை ஒண்டு மிதந்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். அதுவும் இல்லை. பக்கத்திலை நிண்ட சுகந்தியைக் கேட்டன். "வெளியிலைதான் அக்கா விழுந்தது." அடுத்த பிள்ளையைக் கேட்டன். "வெளியிலைதான்." எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லிச்சினம். என்ரை முகத்தைப் பாக்காமல் சொல்லிச்சினம்.

அதுக்குள்ளை மெசின் ஓடத் துடங்கிவிட்டுது. போத்தல் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வருகுது. பாலும் துளசியும் கலந்த தண்ணி, சோடாப் போத்தலுக்கை, அவ்வளவு வெக்கைக்கை வந்தது. அதிலை ஒரு சொட்டு உள்ளுக்கை போயிருந்தால், கடைத் தட்டிலை மாசக்கணக்கா இருந்து பெருகினால், ஆரோ ஒரு வீட்டிலை புண் வயித்துப் பூனைக்கு அதை அடிச்சால்? போகாமலும் இருந்திருக்கலாம். நான் வழமை போலை அடுப்பு நூந்ததோ எண்டு அந்தரப்படுறனோ? முகத்தைக் கழுவிப்போட்டு வந்தன். திரும்பவும் போய்க் கழுவினன்.

ரமணன் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னன். அவர் முதல் சிரிச்சார். பிறகு என்ரை முகத்தைப் பாத்திட்டுச் சிரிப்பை விட்டார்.

"விழுந்ததைக் கண்டியளோ?"

"இல்லைத் தம்பி."

"பிறகென்ன அக்கா? விழுந்தாலும் இவ்வளவு பெரிய தாங்கிக்கை ரெண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டுத் தயிரிலைதான் தம்பி பால் சட்டி முழுக்க உறையுது."

அவர் தாங்கிப் பக்கம் திரும்பிப் பாத்தார். "அப்ப அந்த மருந்தைக் கொஞ்சம் கூடப் போடுவம்."

"அதை ஏன் குறைச்சனாங்கள்? மணியின்ரை வயித்துக்கை போகும் எண்டுதானே."

"சரி, சோதிச்சுப் பாப்பம்."

"சோதினை முடிய நாள் எடுக்கும். லொறி இண்டைக்குப் பின்னேரம்."

வெளியிலை லொறிக்காரர் வந்து ஹோண் அடிக்கிறார், நேரத்தோடை வந்திட்டார் பாவி. ரமணன் தம்பிக்கு வேர்த்துக் கொட்டுது. நல்ல மனிசன் அவர், ஆரையும் ஏமாத்திற ஆளில்லை. ஆனால் பதகளிப்பு எண்டது நல்ல மனிசனையும் எங்கையோ கொண்டுபோய் விட்டுவிடும். "அக்கா, போத்தலெல்லாம் இன்னும் லேபல் ஒட்டாமல்தானே கிடக்கு. இதை நாய்ச் சாமானுக்கு மாத்தி ஒட்டிவிடுவம். பூனைக்குப் பிறகு புதுசாச் செய்வம்" எண்டார். நீங்களும் இதைக் கேப்பியள், கனதரம் கேப்பியள். லேபல் ஒட்டாமல் வரிசையா நிக்கிற போத்தல் எந்தப் பேரையும் ஏத்துக்கொள்ளும், அதுதான் எங்கடை தொழிலிலை இருக்கிற பெரிய கண்டம்.

"நாயெண்டால் கேக்க ஆளில்லை எண்டோ தம்பி?" எண்டன். அவர் தலையைக் குனிஞ்சுகொண்டார். பிறகு மெதுவாச் சொன்னார், "நீங்கள் கையெழுத்தை வையுங்கோ அக்கா. பிழைச்சால் நான் பொறுப்பு."

உண்மையைச் சொல்லுறன், அந்த நேரம் எனக்கு வைக்கலாம் போலை இருந்தது. சுகந்தியின்ரை பிள்ளையள் நினைவிலை வந்திச்சினம். மெசினடியிலை நிக்கிற ஒவ்வொரு முகமும் என்னைத்தான் பாக்குது. இந்தப் பொம்பிளை எதுக்கெடுத்தாலும் பயப்பிடுற ஆள் எண்டு அவையளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காணாத ஒண்டுக்காக இத்தனை பேரின்ரை வேலையைக் கெடுக்கிறனோ? கையெழுத்து வைக்கிறதெண்டால் ஒரு கண நேர வேலை.

அப்பதான் பாத்தன், மெசினிலையிருந்து முதல் வந்த போத்தல் வைச்ச இடத்திலை இல்லை. "தாரணி அக்கா எடுத்துக்கொண்டு போட்டா, மணிக்கு அடிக்க" எண்டு ஒரு பிள்ளை சொன்னா.

என்ரை வயசுக்கு நான் ஓடினதை நீங்கள் காணேல்லை. முன்னறையிலை அவ நீட்டு வாங்கிலை இருக்கிறா. மணி மடியிலை மல்லாந்து கிடக்குது, அவவோடை அப்பிடி ஒரு நம்பிக்கை அதுக்கு. சிவந்த வயிறு மேலை. போத்தலின்ரை மூடியைக் கழட்டிப்போட்டு, அமத்திறதுக்கு விரலை வைச்சிட்டா. போய் அவவின்ரை கையிலையிருந்து போத்தலைப் பறிச்சுப்போட்டன்.

அதுவரைக்கும் எனக்கு நிச்சயமில்லை. தாங்கிக்கை விழுந்ததோ இல்லையோ எண்டு பிறகும் நிச்சயமில்லை. ஆனால் அந்த வயித்தைக் கண்ட நேரம், இதை அடிக்க எனக்கு மனம் வராது எண்டது நிச்சயமாப் போச்சுது. நெல்லிரச ஐயா கிளாசோடை நிண்டது அப்பதான் என்ரை கண்ணுக்கு முன்னாலை வந்தது.

தாரணி திகைச்சுப் போனா. நான் விசயத்தைச் சொன்னன். சொல்லச் சொல்ல அவவுக்கு முகம் கறுத்துக்கொண்டு வருகுது.

"கோயில் தீர்த்தத்தை அழுக்கெண்டு சொல்லுறியளோ அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. இப்ப கையிலை ஊத்துங்கோ, உங்களுக்கு முன்னாலை கண்ணிலை ஒத்திக் குடிக்கிறன். ஆனால் அதைப் போத்தலுக்கை அடைச்சு, ஆறு மாசம் கழிச்சுத் தந்தால் நீங்கள் குடிப்பியளோ?"

அவ மணியை அணைச்சுக்கொண்டு, "நான் தாங்கிக்கு வெளியிலைதான் தெளிச்சனான்" எண்டா.

"அப்ப மணியின்ரை தலையிலை கையை வைச்சு அதைச் சொல்லுங்கோ. நான் இப்பவே போய்க் கையெழுத்து வைக்கிறன்."

கடுமையான சொல்தான். வேறை சொல் எனக்கு வரேல்லை. அவ கையைக் கொண்டுபோய்ப் பூனையின்ரை தலையிலை வைச்சா. மணி கண்ணை மூடிக்கொண்டு குறுகுறுக்கத் துடங்கினது. தாரணி கையை எடுத்திட்டா.

"தெரியேல்லை அன்ரி. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டெல்லோ தெளிச்சனான்."

அப்பதான் எனக்கு முழுக்க விளங்கினது. அந்த அறையிலை நிண்ட ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. ஒருத்தரும் காணவும் இல்லை. எல்லாரும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவை. கண்ணைத் திறந்துகொண்டு நிண்டது நான் ஒருத்திதான், எனக்கு முன்னாலை ரமணன்ரை முதுகு. சாமிக்கு முன்னாலை கண்ணை மூடாமல் நிண்டது ஒரு பக்கம் எனக்கு வெக்கமாயும் இருந்தது.

தாரணி அழுதா. சனிக்கிழமையை நினைச்சு அழுதா, தன்ரை கையாலையே கெடுத்துப்போட்டன் எண்டு அழுதா. எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு போய் மெசினை நிப்பாட்டச் சொன்னன். நாய்ச் சாமானிலை முடிஞ்ச பெட்டியள் கொஞ்சம் கிடந்தது. அதை மட்டும் ஏத்திக்கொண்டு லொறி வெளிக்கிட்டுது. ரமணன் தம்பி போய்க் கதிரையிலை இருந்தவர், இருந்தவர்தான்.

இனி நடந்ததைக் கேளுங்கோ. நிரப்பினதெல்லாத்தையும் திருப்பி ஊத்தி, தாங்கியைத் திறந்து கழிவுக் கானுக்கை விடச் சொன்னன். சுகந்தி குழாயடிக்குப் போனவ, போய் அதைத் திறக்காமல் நிக்கிறா.

"என்ன சுகந்தி?"

"அக்கா, தீர்த்தம் கலந்ததை எப்பிடிக் கானுக்கை விடுறது?"

மற்றப் பிள்ளையளும், "ஓம் அக்கா, அது பாவம். கால் படாத இடத்திலை ஊத்தவேணும்" எண்டிச்சினம். வெளியிலைதான் விழுந்தது எண்டு சொன்ன அதே வாயள்தான். கையெழுத்தெண்ட நேரம் விழாத தீர்த்தம், கானெண்டவுடனை உள்ளுக்கை விழுந்திட்டுது. எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை. அவையளிலை எனக்குக் கோவமும் வரேல்லை. அவையளுக்கும் உள்ளுக்கை என்னைப் போலைதான் இருந்திருக்கு, தங்கடை வேலைக்கும் தாரணியின்ரை மனசுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டு நிண்டவை. பயம் எனக்கு மட்டும் இருக்கிற சாமானில்லை எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன்.

வாளி வாளியா அள்ளிக்கொண்டு போய்ப் பின்வளவு மாமரத்தடியிலை ஊத்தினம். வரிசையா நிண்டு கை மாத்தி மாத்திக் குடுத்தம். தாரணி சீலைத் தலைப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு தானும் வந்து ஒரு வாளியைத் தூக்கினா, வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்கேல்லை. கொஞ்சத்தாலை ரமணன் தம்பியும் காற்சட்டையை மடிச்சு விட்டுக்கொண்டு வந்தார். மணி மட்டும் யன்னலிலை இருந்து ஒற்றைக் கண்ணாலை எங்களைப் பாத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். சனிக்கிழமை தாரணி வெறும் மேசையோடை நிண்டவ. சாமான் வாங்கிறன் எண்ட கடையளிலை ஒண்டு, பெரிய கடை, பிறகு அவவின்ரை ரெலிபோனையே எடுக்கேல்லை. இண்டைக்கும் அந்தக் கடையிலை வேறை ஆரின்ரையோ ஸ்பிறேதான் நிக்குது. எங்கடை பிள்ளையள் ரெண்டு கிழமைக்கு மேலை வீட்டிலை இருந்திச்சினம், அதிலை ஒரு பிள்ளை வேறை வேலைக்குப் போட்டுது. திரும்பி வரேல்லை. சந்தையிலை கண்டால் சிரிக்கும், நிண்டு கதைக்காது. எனக்கு அது இப்பவும் நோகுது. தாரணி எங்களை விட்டுப் போகேல்லை, அது அவவின்ரை பெருந்தன்மை. அடுத்த தரம் செய்ததைத்தான் மணிக்கு அடிச்சது. அண்டைக்கும் அவ கோயிலுக்குப் போட்டுத்தான் வந்தவ. தீர்த்தத்தை வாசற்படியிலை தெளிச்சுப்போட்டு, சோடாப் போத்தலை வெளியிலை வைச்சிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளுக்கை வந்தா. தாங்கி மூடியிலை தொங்கிற ஆமைப்பூட்டை நீங்கள் கண்டிருப்பியள். பூசை முடியுமட்டும் அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு, கண் திறந்திருக்கிற ஒரு ஆளின்ரை கையிலை இருக்கவேணும். இனி அது ஆர் எண்டு உங்களுக்கை முடிவெடுங்கோ.

உந்தப் போத்தல்தான் நான் அண்டைக்கு அவவின்ரை கையிலையிருந்து பறிச்சது. மற்றதெல்லாம் மாமரத்துக்குப் போச்சுது, இதை மட்டும் நான் வைச்சுக்கொண்டன். எப்ப கலங்கும் எண்டு பாக்கத்தான் வைச்சனான். கலங்கினால் என்ரை முடிவு சரி எண்டு எல்லாருக்கும் காட்டலாம் எண்டு ஒரு ஆசை, ஏன் மறைப்பான். வருசக்கணக்கா யன்னலடியிலை வைச்சுக் காலமை எழும்பினவுடனை முதல் அதைத்தான் பாத்தன். கலங்கேல்லை. பிள்ளையள், அது இண்டைக்குவரைக்கும் கலங்கேல்லை. ரமணன் தம்பி பகிடியாக் கேப்பார், "அக்கா, உங்கடை போத்தல் எப்பிடி இருக்கு?" எண்டு. "தெளிவா இருக்கு தம்பி" எண்டு சொல்லுவன். அவர் அதுக்கு மேலை கேக்கமாட்டார். பிழையில்லாத சாமானைத்தான் மரத்துக்கு ஊத்தினனோ? இருக்கலாம். அதை நினைச்சு நித்திரை வராமல் கிடந்திருக்கிறன். தெளிவாக் கிடக்கிறதெல்லாம் நல்லதெண்டும் இல்லை. எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போறதில்லை.

உங்களுக்கு இதைச் சொல்லி முடிக்க எனக்கு வேறை வழி தெரியேல்லை. உங்களிலை ஆரின்ரை வீட்டை பூனை இருக்கு?

நீரோ பிள்ளை? என்ன பேர் வைச்சிருக்கிறீர்? வெள்ளைச்சியோ, வடிவான பேர். இந்தாரும், போத்தலை எடும். நான் தொடாதேங்கோ எண்டு சொன்னது முந்தி, இப்ப நானே தாறன். வீட்டை கொண்டுபோய் வெள்ளைச்சிக்கு ஒருக்கா அடிச்சு விடும்.

ஏன் பிள்ளை, நீட்டின கையை எடுத்துப்போட்டீர்? தெளிவாத்தானே இருக்கு.